சிவப்புப் பொட்டுக்குத் தனி விலை: மாமாவுக்குக் கேமரா வாங்கிய கதை

2019 டிசம்பரில் என் தாய்மாமா கும்பகோணத்திலிருந்து சிங்கப்பூர் வந்திருந்தார். பேத்தி பிறந்திருந்தாள். வந்த மூன்றாம் நாளே, தொட்டிலை ஆட்டிக்கொண்டே கேட்டார்: "மாப்ளே, ஒரு நல்ல கேமரா வாங்கணும். லைகாவே வாங்கிடலாமா?"

மாமா ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். தாராசுரம் ஐராவதேசுவரர் கோயில் சிற்பங்களைப் படம் எடுத்து, வீட்டில் உட்கார்ந்து அவற்றைப் பார்த்துப் பார்த்து வரைய வேண்டும் என்பது அவருடைய பல வருட ஆசை. லைகா என்பது முன்பக்கத்தில் சிவப்புப் பொட்டுச் சின்னத்தோடு வரும் ஜெர்மன் கேமரா. அந்தப் பெயர் அவர் மனதுக்குள் எப்படிப் புகுந்தது என்று கேட்டேன். அவர் பையனாக இருந்தபோது தெருவில் ஸ்டூடியோ வைத்திருந்தவரிடம் ஒரு லைகா இருந்ததாம். பீரோவுக்குள் துண்டில் சுற்றி வைத்திருப்பாராம். கல்யாணத்துக்கு வேறு கேமரா, இது யாரும் தொடக் கூடாதது. அந்தத் துண்டு மாமாவின் மனதில் ஐம்பது வருடமாக அப்படியே இருக்கிறது.

பையில் போட்டுக்கொண்டு போகிற அளவில் இருக்க வேண்டும், லென்ஸ் மாற்றுகிற வேலை கூடாது, வெளிச்சம் குறைந்த மண்டபத்தில் ஃபிளாஷ் இல்லாமல் எடுக்க வேண்டும் என்று சொன்னார். தொல்லியல் துறையின் பராமரிப்பில் உள்ள கோயில்களில் முக்காலி நிறுத்த அனுமதி வாங்க வேண்டும். ஆகவே கையில் பிடித்தேதான் எடுத்தாக வேண்டும். இத்தனைக்கும் பொருந்தி, மாமாவின் ஆசைக்கும் பொருந்தி அப்போது கடையில் இருந்தது லைகா டி-லக்ஸ் 7. அதற்கு இரண்டு அலமாரி தள்ளி, வேறு பெயரில் அதே கேமரா இருந்தது: பானசோனிக் லூமிக்ஸ் எல்எக்ஸ்100 மார்க் 2.

அதே கேமரா என்று சொன்னதை மாமா நம்பவில்லை. கடையில் இருந்தவர் வேறு, "லைகாவோட கண்ணாடியே வேற சார், ஜெர்மன் கண்ணாடி" என்று அடித்துச் சொல்லிவிட்டார். சரி என்று இரண்டையும் கடைக்காரரிடம் பார்க்கக் கேட்டு வாங்கி மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, லென்ஸைச் சுற்றி எழுதியிருப்பதை மாமாவையே படிக்கச் சொன்னேன். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, எழுத்தெழுத்தாகப் படித்தார். லைகா டிசி வேரியோ-சம்மிலக்ஸ், 1.7-2.8, 10.9-34. அடுத்ததை எடுத்தார். அதிலும் லைகா டிசி வேரியோ-சம்மிலக்ஸ், 1.7-2.8, 10.9-34. பானசோனிக் உடம்பிலும் லென்ஸில் இருப்பது லைகாவின் பெயர்தான்.

உள்ளே இருப்பதும் ஒன்றே. இரண்டிலும் ஃபோர் தேர்ட்ஸ் என்று சொல்லப்படும் அளவில் சென்சார் (ஒளியைப் படமாக்கும் சில்லு), பயன்படுவது 17 மெகாபிக்சல். லென்ஸில் எழுதியிருக்கும் 10.9-34 என்பது பழைய ஃபிலிம் கணக்கில் சொன்னால் 24 முதல் 75 மில்லிமீட்டர் வரை போகும் ஜூம். அகலப் பக்கத்தில் 3 சென்டிமீட்டர் வரை கிட்டே போய் ஃபோகஸ் பிடிக்கும். லென்ஸின் மேல் அபர்ச்சர் வளையம் (ஒளி நுழையும் துளையை மாற்றுவது; துளை அதிகபட்சம் எவ்வளவு திறக்கும் என்பதுதான் அந்த 1.7-2.8), தலையில் ஷட்டர் வேகத்துக்கு ஒரு சக்கரம், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க இன்னொன்று, படத்தின் சட்டம் சதுரமா நீளமா என்று மாற்ற லென்ஸிலேயே ஒரு குமிழ். பேட்டரி கூட ஒரே அளவு, அதே 7.2 வோல்ட். பெட்டியில் வரும் குட்டி ஃபிளாஷும் இரண்டுக்கும் உண்டு.

மாமா கொஞ்ச நேரம் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். அப்புறம் சொன்னார்: "நம்ம தாராசுரம் ரிஷபகுஞ்சரம்டா இது."

காளையும் யானையும் ஒரே தலையைப் பங்கு போட்டுக்கொள்ளும் சிற்பம் அது. ஒரு உடம்பைக் கையால் மறைத்தால் காளை, மற்றதை மறைத்தால் யானை. இந்த இரண்டு கேமராவைப் பற்றி நான் எத்தனையோ பேரிடம் விளக்கியிருக்கிறேன். மாமா சொன்ன அளவுக்குச் சுருக்கமாக ஒரு நாளும் சொன்னதில்லை.

எப்படி வந்தது இந்த ஒட்டுறவு

லைகாவின் ஊர் ஜெர்மனியின் வெட்ஸ்லார். ஆஸ்கர் பார்னாக் அங்கே வடிவமைத்த சின்னக் கேமரா 1925-இல் லைப்சிக் வசந்தகாலச் சந்தையில் மக்கள் முன் வந்தது. 35 மில்லிமீட்டர் ஃபிலிமைப் போட்டுச் சட்டைப்பையில் எடுத்துப் போகலாம் என்பதே அன்றைக்குப் பெரிய புரட்சி. கண்ணாடியும் பித்தளையும் செய்வதில் அவர்களை மிஞ்ச ஆள் இல்லை. டிஜிட்டல் வந்தபோதோ சென்சாரும் சில்லும் மென்பொருளும் அவர்கள் கையில் இல்லை. பானசோனிக்கிடம் அவை எல்லாம் இருந்தன, கேமராவில் பேர் சொல்லும்படியான பரம்பரை இல்லை. ஆகவே 2000-களின் தொடக்கத்தில் இருவரும் கை கோத்தார்கள். பானசோனிக் லென்ஸ்களில் லைகா பெயர் ஏறியது. பானசோனிக் கேமராக்கள் உடை மாற்றிக்கொண்டு சிவப்புப் பொட்டோடு லைகா கடைக்குப் போயின.

டி-லக்ஸ் வரிசை 2003-இல் தொடங்கியது. டி-லக்ஸ் 2 என்றால் எல்எக்ஸ்1, டி-லக்ஸ் 3 என்றால் எல்எக்ஸ்2, டி-லக்ஸ் 4 என்றால் எல்எக்ஸ்3 என்று தலைமுறை தலைமுறையாக இரட்டைப் பிள்ளைகள். இதை அவர்கள் ஒளித்ததும் இல்லை. இதில் ஏமாற்று என்று எதையும் நான் பார்க்கவில்லை. கடைக்காரர் "ஜெர்மன் கண்ணாடி" என்று சொன்னாரே, அதுதான் பொய்.

கணக்கு

அமெரிக்க அறிமுக விலைகளை வைத்தே சொல்கிறேன், ஊருக்கு ஊர் வரி மாறும். 2014-இல் முதல் எல்எக்ஸ்100 சுமார் 900 டாலர். அதன் இரட்டையான லைகா டி-லக்ஸ், டைப் 109 என்று சொல்வார்களே அது, 1,195 டாலர். வித்தியாசம் 295. ஆனால் அன்றைக்கு லைகா வாங்கினால் படங்களைத் திருத்த உதவும் அடோபி லைட்ரூம் மென்பொருளுக்கான உரிமமும் சேர்ந்து வந்தது. அதைத் தனியாக வாங்கினால் 149 டாலர். எப்படியும் அதை வாங்கப் போகிறவருக்கு உண்மையான வித்தியாசம் 146 டாலர்தான். அந்த வருடம் யாராவது என்னைக் கேட்டிருந்தால், பிடித்திருந்தால் லைகாவே வாங்குங்கள் என்று தயங்காமல் சொல்லியிருப்பேன்.

2018-இல் வந்த இரட்டையில் பானசோனிக் சுமார் 1,000, லைகா 1,195. மேலோட்டமாகப் பார்த்தால் இடைவெளி 195 ஆகச் சுருங்கிவிட்டது. ஆனால் அதற்குள் லைட்ரூமை ஒரே தடவை காசு கொடுத்து வாங்குகிற காலம் போய், மாதச் சந்தா வந்துவிட்டது. ஆக, அந்த 195 டாலருக்கு எதிரே வைக்க மென்பொருள் எதுவும் இல்லை. இன்னொன்று, பானசோனிக் கேமராக்கள் சில மாதம் போனால் தள்ளுபடிக்கு வரும். லைகா லேசில் இறங்காது. அறிமுக நாளில் 195 ஆக இருந்த இடைவெளி, பண்டிகைத் தள்ளுபடி நாளில் அதைவிட நன்றாகவே அகன்றுவிடும். விலையை ஒப்பிடுகிறவர்கள் கடையில் நிற்கிற அன்றைய விலையைத்தான் ஒப்பிட வேண்டும்.

வீட்டில் வைத்துப் பார்த்தது

அலுவலக நண்பர் ஒருவரிடம் டி-லக்ஸ் 7 இருந்தது. இன்னொருவரிடம் எல்எக்ஸ்100 மார்க் 2. இரண்டையும் ஒரு வாரம் கடன் வாங்கினேன். சாப்பாட்டு மேசையில் அம்மாவின் பித்தளைக் குத்துவிளக்கு, பக்கத்தில் கருங்கல் அம்மிக்குழவி, பின்னால் ஒரு பட்டுப்புடவை. முக்காலியில் ஒன்றை வைத்து எடுத்து, கழற்றி, அதே இடத்தில் அடுத்ததை வைத்து எடுத்தேன். அபர்ச்சர், வேகம், ஐஎஸ்ஓ எனும் ஒளி உணர்திறன் எல்லாம் ஒன்றே.

கேமரா மெருகு போடாமல் அப்படியே சேமிக்கும் ரா கோப்புகளை ஒரே அமைப்பில் திறந்தபோது எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. கோப்பின் பெயர்வால் மட்டும் வேறு. விளக்கின் தண்டில் ஒரு பழைய சொட்டை உண்டு, அதில் விழுந்த நிழலின் ஓரம் வரைக்கும் பெரிதாக்கிப் பார்த்தேன். ஏ4 அளவில் அச்சுப் போட்டு, பின்னால் பென்சிலால் குறித்து, கலைத்து மாமாவிடம் கொடுத்தேன். ஐம்பது வருடம் கோடு போட்ட கண். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, "ஒரே படத்தை ரெண்டு தடவை போட்டிருக்கியா?" என்றார்.

கேமராவே மெருகேற்றித் தரும் ஜேபெக் படங்களில் கொஞ்சம் மாறுதல் இருந்தது. அதை மறைக்க மாட்டேன். லைகா தனக்கென்று ஒரு வண்ணச் சமையல் வைத்திருக்கிறது. பட்டின் அரக்குச் சிவப்பு ஒன்றில் சற்று அடங்கியும் மற்றதில் சற்றுத் தூக்கலாகவும் விழுந்தது. எது அழகு என்பதில் வீட்டில் இரண்டு கட்சி. ஆனால் பானசோனிக் மெனுவில் நிறச் செறிவையும் கான்ட்ராஸ்ட்டையும் ஓரிரு படி நகர்த்தினால் அந்த இடைவெளி பெரும்பாலும் மூடிவிடுகிறது. அதற்கு 195 டாலர் கொடுக்க எனக்கு மனசு வராது.

படத்தை விட்டுவிட்டுக் கையைப் பார்த்தால்தான் நிஜமான வித்தியாசம் தெரிந்தது. லைகாவின் முன்பக்கம் மழமழவென்று இருக்கும். பிடிப்பதற்கு மேடு கிடையாது. கண்ணுக்கு அத்தனை அழகு, ஒரு வரி கூட அதிகம் இல்லை. பானசோனிக்கின் முன்பக்கத்தில் வலது விரல்கள் மடங்குகிற இடத்தில் சின்னதாக ஒரு மேடு உண்டு. நடுவிரல் அதில் போய்த் தானாக உட்கார்ந்துகொள்ளும். இரண்டுமே 400 கிராமை ஒட்டித்தான், எடையில் பத்துப் பன்னிரண்டு கிராம் வித்தியாசம் இருந்தால் பெரிது. ஆனால் சிங்கப்பூர்ப் புழுக்கத்தில் கை வேர்த்திருக்கும்போது ஒரு கையால் தூக்கிப் பிடித்துப் பார்த்தால் தெரியும். மாமாவுக்கு வலது கையில் லேசான நடுக்கம் உண்டு. லைகாவைப் பிடித்தபோது இரண்டு உள்ளங்கையாலும் பொத்தினாற்போலப் பிடித்தார். பானசோனிக்கைச் சாதாரணமாகத் தூக்கினார். லைகாவுக்குப் பிடிமேடு வேண்டும் என்றால் தனியாக வாங்கித் திருகிக்கொள்ள வேண்டும், அதற்கும் காசு.

இரண்டுக்கும் பொதுவான குறைகளைச் சிவப்புப் பொட்டு தீர்த்து வைக்காது. கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் அடுத்தடுத்துக் காட்டிப் படத்தை உருவாக்குகிறார்கள். கண்ணைச் சட்டென்று நகர்த்தினால் சிலருக்கு ஓரங்களில் வானவில் தெறிக்கும். மாமாவுக்குத் தெறித்தது, இரண்டிலும். திரை மடங்காது, இரண்டிலும். தூசிக்கும் தண்ணீருக்கும் தடுப்பு இல்லை, இரண்டிலும். லென்ஸ் வெளியே நீண்டு உள்ளே போகும்போதெல்லாம் காற்றையும் கூடவே இழுக்கும். தூசி சென்சாரில் உட்கார்ந்தால் லென்ஸைக் கழற்ற முடியாத கேமராவில் துடைப்பது நம் கையில் இல்லை, பிரித்துத்தான் ஆக வேண்டும். கோயில் பிராகாரம், வயல் வரப்பு என்று போகிறவர்கள் எந்தப் பெயரை வாங்கினாலும் ஜிப் வைத்த பை ஒன்றையும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.

திரும்ப விற்கும்போது

லைகாவுக்குக் கொடுக்கிற கூடுதல் காசில் திரும்பி வரக்கூடிய பகுதி ஒன்று உண்டு. பழைய கேமராச் சந்தையில் அந்தப் பொட்டுக்கு மதிப்பு இருக்கிறது. சிங்கப்பூரில் பெனின்சுலா ஷாப்பிங் சென்டர் பக்கம் போய்ப் பாருங்கள், கண்ணாடிப் பெட்டிக்குள் லைகாவுக்கு வைத்திருக்கிற இடமே தனி. கணக்குக்காக ஒன்று சொல்கிறேன். 195 டாலர் கூடக் கொடுத்து வாங்கினீர்கள், மூன்று வருடம் கழித்து விற்கும்போது இரட்டையைவிட 150 டாலர் கூட வந்தது என்று வையுங்கள். உங்களுக்கு அந்தப் பொட்டின் செலவு 45 டாலர்தான், வருடத்துக்கு 15. அட்டைப்பெட்டி, உத்தரவாத அட்டை, மூடி எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருந்து, இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை மாற்றுகிறவர்களுக்கு இது சரியான கணக்கு.

மாமா அந்த ரகம் இல்லை. அவர் வீட்டு மிக்ஸிக்கே வயது இருபத்தைந்து. வாங்கினால் ஓடுகிற வரைக்கும் வைத்திருப்பார். விற்கவே போகாத பொருளுக்கு மறுவிற்பனை மதிப்பு எதற்கு?

உத்தரவாதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது நாட்டுக்கு நாடு மாறுகிறது. சிங்கப்பூரில் வாங்கிக் கும்பகோணத்துக்குக் கொண்டு போகிறவர் அட்டையில் எந்த நாடு எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் காசை எடுக்கக் கூடாது.

எல்லாப் பொட்டும் ஒன்றல்ல

பெயருக்குக் காசு கொடுப்பது எப்போதுமே வீண் என்று நான் சொல்ல வரவில்லை. எவ்வளவு வாங்குகிறார்கள், அதற்கு என்ன செய்திருக்கிறார்கள் என்பதைத்தான் பார்க்கிறேன். 2013-இல் ஹாசல்பிளாட் நிறுவனம் ஸ்டெல்லார் என்று ஒரு கேமரா கொண்டு வந்தது. உள்ளே இருந்தது சோனி ஆர்எக்ஸ்100. வெளியே மரப் பிடி, கார்பன் பிடி என்று அலங்காரம். சோனி 649 டாலருக்கு வந்த கேமரா, ஹாசல்பிளாட் பெயரில் 2,000 டாலரை ஒட்டியது. மூன்று மடங்கு. சந்திரனுக்குப் போன கேமராவின் பெயரை அப்படிச் செலவழித்தது எனக்கு இன்றும் வருத்தம். லைகாவின் உடனடிப்பட கேமராவான சோஃபோர்ட் 2 அதே வழியில் கொஞ்ச தூரம் போகிறது. அறிமுக விலையில் உடன்பிறந்த ஃபியூஜி இன்ஸ்டாக்ஸ் மினி ஈவோ 200 டாலர், சோஃபோர்ட் 2 389. இரண்டிலும் போடுவது அதே ஃபியூஜி ஃபிலிம்.

இன்னொரு பக்கம் லைகா க்யூ வரிசையைப் பாருங்கள். 2015-இல் வந்த முதல் க்யூ 4,250 டாலர். 35 மில்லிமீட்டர் ஃபிலிம் சட்டத்தின் முழு அளவில் சென்சார், 28 மில்லிமீட்டர் எஃப் 1.7 லென்ஸ், ஜெர்மனியில் தயாரிப்பு. அதற்கு இரட்டைப் பிள்ளை எந்தக் கடையிலும் கிடையாது. எனக்கு அது கட்டாது. ஆனால் அதை வாங்குகிறவர் தன் காசுக்கு லைகாவின் வேலையை வாங்குகிறார். டி-லக்ஸ் 7 வாங்குகிறவர் பானசோனிக்கின் வேலையை லைகாவின் உடையில் வாங்குகிறார். அந்த உடையும் நல்ல உடைதான், தையல் சுத்தம். லைகாவின் கைப்பேசிச் செயலியும் அப்போது பானசோனிக்கினதைவிடத் துலக்கமாக இருந்தது. கடன் கொடுத்த என் நண்பர் டி-லக்ஸை தினமும் அலுவலகத்துக்கு எடுத்து வருகிறார், கையில் எடுக்கும்போதே மனசு நிறைகிறது என்கிறார். எடுத்துக்கொண்டு போகாத கேமராவில் படம் விழாது. 195 டாலர் அவரைத் தினமும் எடுக்க வைக்கிறது என்றால் அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

மாமா என்ன செய்தார்

இரண்டு நாள் யோசித்தார். கடைக்குப் போன அன்றும் முதலில் கையில் எடுத்தது லைகாவைத்தான். பொட்டின் மேல் கட்டைவிரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தார். எனக்கு ஒரு நிமிடம் எல்லாக் கணக்கையும் தூக்கிப் போட்டுவிட்டு அதையே வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று தோன்றியது. அவரே கீழே வைத்துவிட்டார். "கை நடுங்குது மாப்ளே. அந்த மேடு வச்சதையே எடு."

எல்எக்ஸ்100 மார்க் 2 வாங்கினோம். மிச்சமான காசில் கூடுதலாக ஒரு பேட்டரி, ஒரு மெமரி கார்டு, ஜிப் பை, லென்ஸ் நீளும்போது தானாகத் திறந்துகொள்ளும் இதழ் மூடி. இந்த மூடி மாதிரி உபயோகமான துணைப்பொருள் வேறு இல்லை. வழக்கமான மூடியைக் கழற்றாமல் கேமராவைப் போட்டுவிட்டுத் திணறுகிற வேலை அதோடு போயிற்று.

ஊருக்குப் போய் முதலில் அனுப்பிய படம் தாராசுரம் ராஜகம்பீர மண்டபத்துத் தூணில் இருக்கும் ஒரு நாட்டியக்காரி. உள்ளங்கை அகலம் கூட இருக்காது அந்தச் சிற்பம். சட்டத்தைச் சதுரத்துக்கு மாற்றி, தூணுக்கு அருகில் போய், எஃப் 2.8-இல் எடுத்திருந்தார். இடுப்பு மடிப்பில் உளி நின்ற இடம் தெரிந்தது. அடுத்த வாரம் அதே நாட்டியக்காரியைப் பென்சிலில் வரைந்து அனுப்பினார்.

2024 ஜூலையில் டி-லக்ஸ் 8 வந்தபோது மாமா மறுபடி கேட்டார், மாற்றலாமா என்று. அறிமுக விலை 1,595 டாலர். சென்சார் அதே 17 மெகாபிக்சல், லென்ஸ் அதே 24-75. வானவில் தெறிக்காத ஓலெட் வியூஃபைண்டர், க்யூ 3 மாதிரி எளிமையான மெனு, பல மென்பொருள்களும் திறக்கும் டிஎன்ஜி ரா கோப்பு, யுஎஸ்பி-சி சார்ஜிங். இவை நல்ல திருத்தங்கள். ஆனால் இந்தத் தடவை பக்கத்து அலமாரியில் பானசோனிக் இரட்டை இல்லை. ஒப்பிட ஆள் இல்லாதபோது பொட்டின் விலை எவ்வளவு, கேமராவின் விலை எவ்வளவு என்று பிரிக்கவே முடியாது. அதே வருடம் பிப்ரவரியில் 1,599 டாலருக்கு வந்த ஃபியூஜி எக்ஸ்100 VI-ஐ வைத்துத்தான் நான் பார்த்தேன். அதில் ஜூம் இல்லை, ஆனால் இதைவிடப் பெரிய ஏபிஎஸ்-சி சென்சார், 40 மெகாபிக்சல். ஆறு வருடப் பழைய சென்சாருக்கு அதே விலை கேட்பது அதிகம் என்றுதான் எனக்குப் படுகிறது. ஜூம் வேண்டும், சின்னதாகவும் இருக்க வேண்டும், இரண்டாம் கையில் நல்ல எல்எக்ஸ்100 மார்க் 2-உம் கிடைக்கவில்லை என்றால் மட்டும் டி-லக்ஸ் 8-ஐ யோசிக்கலாம்.

மாமாவிடம் சொன்னேன்: "உங்ககிட்ட இருக்கிறதும் அதே கண்ணு, அதே தலைதான் மாமா."

"அப்ப யானையை மறைச்சுட்டுக் காளையையே பார்த்துக்கிறேன்" என்றார். பேட்டரி மட்டும் இன்னொன்று வேண்டுமாம், பழசு உப்பிவிட்டதாம். அடுத்த மாதம் ஊருக்குப் போகும்போது எடுத்துப் போகிறேன்.